முற்றத்தில் நிற்கிற பட்டறை வண்டி

இரணியல்
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள சிநேகிதிக்கு,

கடிதமே போடுவதில்லை என்று போனில் வைதாய். வாட்ஸ்ஆப்பில் இதையெல்லாம் எழுத முடியாது பிள்ளே. பேசி அனுப்பினால் அம்மா காதில் விழும், தட்டி அனுப்பினால் தோள்மேல் எட்டிப் பார்த்து வாசிப்பாள். தாளில் எழுதினால் கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஓடாது, கண்ணாடியைத் தேடுவதற்குள் நான் மடித்து உறையில் போட்டுவிடுவேன். பூனாவில் உனக்குப் பொழுது போகவில்லை என்றாயே, இந்தா, ஒரு வாரத்துக்கு உண்டு.

விஷயம் என் தம்பி. சவுதியில் ஏழெட்டு வருஷம் லேத்திலும் வெல்டிங்கிலும் கிடந்து சம்பாதித்து வந்தவன் திங்கள்சந்தை பக்கம் கடை எடுப்பான், ஷட்டர் போடுவான், போர்டு மாட்டுவான், அந்த போர்டைக் காட்டிப் பெண் கேட்கலாம் என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அட்வான்ஸுக்கு வைத்திருந்த காசைக் கொண்டுபோய் ஆக்கர் கடையில் ஒரு பழைய ஜீப் ஆக்சிலும், கொஞ்சம் சி-சானலும், எங்கேயோ ஒரு வாழைத் தோட்டத்திலிருந்து ஒரு ஆயில் எஞ்சினும் வாங்கி முற்றத்தில் இறக்கிவிட்டான். “கடை எங்கலே?” என்று அம்மா கேட்டாள். “இதாக்கும் கடை. சக்கரம் வச்ச கடை. வேல கெடக்க எடத்துக்கு இழுத்துட்டுப் போவேன்” என்றான். அன்றைக்கு ராத்திரி வீட்டில் மரச்சீனி வெந்தது, யாரும் சாப்பிடவில்லை.

ஒரே எஞ்சின், அதிலிருந்து டிரில்லிங் மிஷின், கம்ப்ரசர், கிரைண்டர், இரும்பு அறுக்கிற ஹாக்சா மிஷின், வெல்டிங், ராத்திரி வேலைக்கு லைட் எல்லாம் ஓடவேண்டும். இதுதான் அவன் திட்டம். கேட்டதும் நானும் சிரித்தேன். ஆனால் அவன் சொன்ன நியாயத்தில் ஓட்டை இல்லை. நம்ம பக்கத்தில் பழுதாகிற சாமான் எல்லாம் கடைக்கு வராத சாமான்தானே? குலசேகரம், பேச்சிப்பாறை மேட்டில் ரப்பர் ஷீட் அடிக்கிற உருளை மிஷினைக் காங்கிரீட்டில் போல்ட் போட்டு முறுக்கி வைத்திருப்பான். அதைக் கழற்றி ஏற்றி இறக்குகிற கூலிக்குப் புதுசே வாங்கலாம். குளச்சலிலும் முட்டத்திலும் கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வரமுடியுமா? வயலில் முறிந்த ரொட்டவேட்டர் வயலில்தான் கிடக்கும். அங்கெல்லாம் ஆள் போகலாம், கரண்ட் போகாது.

ஒக்கிப் புயல் ஞாபகம் இருக்கா? 2017 நவம்பர் 30. நீ அப்போது பூனாவில் டிவியில் பார்த்தாய், நாங்கள் இங்கே ஓடு பறக்கிறதைப் பார்த்தோம். ரப்பர் மரமெல்லாம் இடுப்பொடிந்து கிடந்தது, கரண்டு கம்பம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது, பல ஊர்களில் நாள்கணக்கில் வெளிச்சம் இல்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடாமல் வாளியைத் தேடி அலைந்தோம். அந்தச் சமயத்தில்தான் மூலைக்கு மூலை பட்டறைக்காரனுக்குத் தேவை, அந்தச் சமயத்தில்தான் பட்டறைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தன. தம்பி லீவில் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனவன். இந்த வண்டி அன்றைக்கே அவன் மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

எஞ்சினைப் பற்றிச் சொன்னால் உனக்குப் பெருமை பிடிபடாது. உங்கள் ஊர்ச் சரக்கு. கிர்லோஸ்கர் ஏவி-1. பெல்காமில் சைக்கிள் கடை வைத்திருந்த லக்ஷ்மண்ராவ் கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பை செய்யத் தொடங்கி, 1910இல் கிர்லோஸ்கர்வாடி என்று ஒரு ஊரையே உண்டாக்கினார். ஆயில் எஞ்சின் கம்பெனி 1946இல் பூனாவில் வந்தது. என்ஜினியரிங் காலேஜ் லேபில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினில் சோதனை என்றால் பெரும்பாலும் இந்த ஜாதிதான். 80 மில்லிமீட்டர் போர், 110 ஸ்ட்ரோக், 1500 சுற்று, 5 குதிரைசக்தி, தண்ணீரில் குளிர்கிறது. ஒரு காலத்தில் கிணற்றுக்குக் கிணறு இது ஓடியது. மோட்டாருக்கு கனெக்ஷன் வந்து, பிறகு விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்ததும் பாவம், எல்லாம் கொட்டகையில் தேங்காய்த் தொண்டுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டன. இவன் வாங்கியதும் அப்படிப் படுத்திருந்ததுதான். ரிங், பேரிங், நாசில் மாற்றி, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, ஒரு நாள் காலையில் ஹேண்டிலைப் போட்டான்.

அந்த ஹேண்டில் போடுவதை நீ பார்க்கவேண்டும். முதலில் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட வேண்டும், அப்போது சிலிண்டருக்குள் காற்று அடைபடாது, ஹேண்டில் லேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டிவிட்டால் படார் என்று பிடிக்கும். பிடியைப் பிடிக்கிறபோது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும், சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது. எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் விரல் வளைந்திருந்தவனுக்குக் கட்டுதான். இதைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது நம்ம தெருக்கோடி ரைஸ்மில் பாட்டா. அவரை மறந்திருக்க மாட்டாய். நாம் வத்தல்மொளவு பொடிக்க ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் “எட்டி, தும்மணும்னா வெளிய போய்த் தும்முங்க” என்று விரட்டுவாரே, அந்த எஞ்சின் டிரைவர். இப்போது எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். ஆனால் எஞ்சின் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. முற்றத்தில் முதல் ‘டக்’ கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார், அதன்பிறகு ராத்திரி உறங்க மட்டும்தான் வீட்டுக்குப் போகிறார். அவர் மருமகள் எங்கள்மேல் கோபத்தில் இருக்கிறாளா நன்றியில் இருக்கிறாளா என்று இன்னும் பிடிபடவில்லை.

பாட்டா வந்ததில்தான் சண்டை ஆரம்பம். தம்பிக்கு எல்லாம் கரண்டில் ஓடவேண்டும். எஞ்சின் ஆல்டர்னேட்டரைச் சுற்றட்டும், மற்றதெல்லாம் பிளக்கில் சொருகினால் போதும் என்றான். பாட்டா காறித் துப்பினார். “எஞ்சினு சுத்துகு, மிஷினும் சுத்தணும். எடயில கரண்டு என்னத்துக்குலே தரகன் மாதிரி?” என்றார். மில்லில் இருந்ததுபோல ஒரே நீள ஷாஃப்ட், அதில் வரிசையாகப் புல்லி, ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பெல்ட், இதுதான் அவர் கட்சி. இரண்டு பேரும் தீர்ப்புக்கு என்னிடம் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தால் இந்த வம்பெல்லாம் உண்டு.

நான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். 5 குதிரைசக்தி என்றால் 3.7 கிலோவாட். இதில்தான் எல்லாம் நடக்கவேண்டும். பத்தாம் நம்பர் ராடு போட்டு வெல்டிங் அடிக்கிறோம் என்று வை. சுமார் 100 ஆம்பியர், ஆர்க்கில் 24 வோல்ட், ஆக 2.4 கிலோவாட் அங்கே தீப்பொறியாகப் போகிறது. வெல்டிங் மிஷின் தன் பங்குக்கு ஐந்தில் ஒரு பாகம் தின்றுவிடும், ஆல்டர்னேட்டர் கிட்டத்தட்ட அதே அளவு சூடாக விடும், பெல்ட் கொஞ்சம் வழுக்கும். பின்னாலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் எஞ்சின் கொடுக்கிற 3.7 சரியாக அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு பல்பு கூட மிச்சமில்லை! பன்னிரண்டாம் நம்பர் ராடில் 70 ஆம்பியருக்கு இறங்கினால் மூச்சு விட இடம் உண்டு. டிரில்லையும் கம்ப்ரசரையும் நேராக பெல்ட்டில் ஓட்டினால் இந்த இடைச்செலவு இல்லை. கையில் பிடிக்கிற கிரைண்டரை பெல்ட்டில் ஓட்டமுடியாது, வெல்டிங்கும் அப்படித்தான். ஆகவே ஷாஃப்ட்டும் வேண்டும், அந்த ஷாஃப்ட்டிலேயே ஒரு ஆல்டர்னேட்டரும் வேண்டும் என்று தீர்ப்பெழுதினேன். இரண்டு பேரும் தங்களுக்குத்தான் ஜெயம் என்று சொல்லிக்கொண்டு சாயா குடிக்கப் போனார்கள்.

கணக்கு எளிதுதான். எஞ்சின் புல்லி 6 அங்குலம், ஷாஃப்ட் புல்லி 18. எஞ்சின் 1500 சுற்றினால் ஷாஃப்ட் 500 சுற்றும். ஆல்டர்னேட்டர் நாலு போல் உள்ளது, அது 1500 சுற்றினால்தான் நம்ம வீட்டுக் கரண்ட் மாதிரி 50 ஹெர்ட்ஸ் வரும், ஆகவே ஷாஃப்ட்டில் இன்னொரு 18, அதில் 6. டிரில்லிங் மிஷினுக்குப் படிப் புல்லி. அரை அங்குல பிட்டுக்கு 600 சுற்று போதும், கால் அங்குலத்துக்கு அதுபோல இரண்டு மடங்கு. மெல்லிய பிட்டை மெதுவாக ஓட்டினால் வேலை நீளும், தடித்ததை வேகமாக ஓட்டினால் முனை வெந்து நீலமாகிவிடும்.

ஆனால் பாட்டாவுக்குத் தெரிந்தது எந்தப் பேப்பரிலும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்று தம்பி மனசுக்குள் நினைத்துக்கொண்டே இருந்தான். பாட்டா அவனை உட்காரவைத்துக் கேட்டார்: “நம்ம மில்லுல ரெண்டு ஹல்லரும் ஓடும்போ மாவு மில்லு ஓடுமா?” ஓடாது. நெல்லு குத்துகிறவளுக்கு முடிந்த பிறகுதான் பச்சரிசி இடிக்க வந்தவளுக்கு, அவளுக்குப் பிறகுதான் வத்தலும் மஞ்சளும். அதுவரைக்கும் திண்ணையில் இருக்க வேண்டும். நாமும் இருந்திருக்கிறோமே! இரணியலில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்கு அந்தத் திண்ணையில்தான் தெரிந்தது. உன் சின்னம்மை கல்யாணம் பேசி முடிந்ததும் அங்கேதான் என்று உன் அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

இந்த வண்டியின் சூட்சுமம் முழுக்க அந்தத் திண்ணையில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எஞ்சினை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எது ஓடும்போது எது சும்மா இருக்கவேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்து, அதற்குத் தகுந்தமாதிரி லீவர் வைக்கிறவன்தான் பிழைப்பான். கம்ப்ரசர் காலையில் ஓடி டாங்கை நிறைத்துவிட வேண்டும். நிறைந்த காற்று நேற்றுச் செய்துவைத்த வேலை மாதிரி, பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வெல்டிங் அடிக்கும்போது கம்ப்ரசர் பெல்ட்டைத் தள்ளிவிட வேண்டும். அதற்குப் பாட்டா மில்லிலிருந்து கொண்டுவந்த பழைய வித்தைதான்: மிஷின்மேல் ஒட்டினாற்போல இரண்டு புல்லி, ஒன்று ஷாஃப்ட்டோடு சாவி போட்டுப் பிணைத்தது, மற்றது சும்மா சுற்றுவது. ஃபாஸ்ட் புல்லி, லூஸ் புல்லி. ஒரு கவைக்கம்பால் பெல்ட்டை அங்கேயும் இங்கேயும் நகர்த்தினால் எஞ்சின் நிற்காமலேயே மிஷின் நிற்கும். தம்பி கிளட்ச் வாங்கலாம் என்று இணையத்தில் விலை பார்த்தான். விலையைப் பார்த்துவிட்டுக் கவைக்கம்பு செதுக்கப் போய்விட்டான்.

ஒரு காரியம் பார்த்தேன் பிள்ளே, அதை மட்டும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ட் கழன்று விழுந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேராக வைத்தாலும் ஓட ஓட ஓரத்துக்குப் போய்க் கீழே விழும். தம்பி புல்லியின் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி விளிம்பு வைக்கலாம் என்றான். பாட்டா சிரித்தார். தக்கலையில் ஒரு லேத்துக்குப் புல்லியைக் கொண்டுபோகச் சொன்னார், நானும் கூடப் போனேன். வார்ப்பிரும்புப் புல்லியை சக்கில் மாட்டி, டூலை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, இரண்டு ஓரத்தையும் சீவி எடுக்கச் சொன்னார். கருப்புப் பொடியாக உதிர்ந்தது. முடிந்ததும் ஸ்கேலை மேலே நிறுத்திப் பார்த்தால் நடுவில் அரை நூல் மேடு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் தெரியும். வீட்டுக்கு வந்து மாட்டி எஞ்சினைப் போட்டோம். பெல்ட் ஓரத்தில் தொடங்கி, யாரோ கூப்பிட்டதுபோல நடு மேட்டில் ஏறி அங்கேயே நின்று ஓடியது. கட்டையால் லேசாகத் தள்ளிவிட்டாலும் திரும்பி வந்துவிடுகிறது. சுற்றுகிற பெல்ட் எப்போதும் உயரமான பக்கத்துக்குத்தான் ஏறும், பள்ளத்துக்கு இறங்காது. விளிம்பு வைத்திருந்தால் அதன்மேலேயே ஏறித் தாண்டி விழுந்திருக்கும். மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை விட்டுவிட்டு இதைத்தான் சொன்னேன். பவுடர் டப்பாவில் நடுவில் மட்டும் பேப்பர் சுற்றி, ரப்பர் பேண்டைப் போட்டு உருட்டிக் காட்டினேன். பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி நின்று பார்த்தார்கள்.

அந்த பெல்ட் மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கணக்குப் பார்த்து அம்மாவிடம் சொன்னேன், அவளுக்கு உறைக்கவில்லை. “உன் முந்தானை அதில் பட்டால் திங்கள்சந்தை பஸ்ஸில் சிக்கின மாதிரி” என்றதும் நாலடி தள்ளி நின்றாள். மில்லில் வேட்டி நுனியும் துண்டும் பெல்ட்டில் போன கதைகள் பாட்டாவிடம் உண்டு, சாப்பிடுகிற நேரத்தில் கேட்கக் கூடாது. தம்பி முதலில் கம்பிவலை வேண்டாம், பார்வைக்கு மறைக்கும் என்றான். நான் விடவில்லை. வலை மாட்டாமல் எஞ்சினைப் போட்டால் ஹேண்டிலை எடுத்துக் கிணற்றில் எறிந்துவிடுவேன் என்றேன். இப்போது எல்லா பெல்ட்டுக்கும் வலை உண்டு.

வண்டி கட்டியதில் சொல்ல அதிகம் இல்லை. ஒற்றை ஆக்சில், பாரம் ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கவேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பாகமாவது கொக்கியில் இறங்கினால்தான் இழுக்கும்போது வால் ஆட்டாது. பின்னால் பாரம் ஏறினால் வண்டி இழுக்கிற ஜீப்பையும் சேர்த்து ஆட்டும். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் குதிக்கிற குதியில் டயர்மேல் நிற்கிற வண்டி திருவாதிரைக் களி கிண்டும், ஆகவே வேலை செய்கிற இடத்தில் நாலு மூலையிலும் ஜாக்கி இறக்கி டயரைத் தூக்கிவிட வேண்டும். எஞ்சினுக்கடியில் நம்ம ஊர் ரப்பரை வைத்தான். வைத்ததும் எஞ்சின் தனியாக ஆடி பெல்ட் தளர்ந்தது. பிறகு எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் ஒரே சட்டத்தில் இறுக்கி, அந்தச் சட்டத்துக்கடியில் ரப்பர் கொடுத்தான். இப்போது ஆடினால் எல்லாம் சேர்ந்து ஆடுகிறது. டீசல், முழுப் பாரத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே.

ஊர் வாயைச் சொல்லவா? “சினிமா காட்டப் போறியா?” என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதில் தப்பில்லை, டூரிங் டாக்கீஸும் ஆயில் எஞ்சினை நம்பித்தானே ஊர் ஊராகப் போனது. சாமிக்கண்ணு வின்சென்ட் தெரியுமில்லையா, திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905இல் டூபாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டுகிற கருவியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். அவர் வீட்டிலும் எங்கள் அம்மா மாதிரி யாராவது மரச்சீனியை ஆறவிட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி எஞ்சினைக் குதிரை கட்டி இழுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்க் கதிரடித்துக் கொடுத்துக் கூலி வாங்கியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, திருச்செங்கோட்டுக்காரர்கள் போர்வெல் ரிக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு வடக்கே எந்த மூலைக்கும் போகவில்லையா? இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். “திருச்செங்கோட்டுக்காரனுக்குப் பொண்ணு கெடச்சிருக்கும்” என்றாள்.

அங்கேதான் இப்போது இடிக்கிறது. போன வாரம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா வீட்டைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், தென்னையை எண்ணினார், பிறகு “மாப்பிள்ளைக்கு ஒர்க்‌ஷாப் எங்க?” என்றார். தம்பி முற்றத்தைக் காட்டினான். “இது நிக்கிற எடம் செரி. ஒர்க்‌ஷாப் எங்க?” என்றார் மறுபடியும். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். நானும் மாமாவும் பேசிச் சமாளித்துக்கொண்டிருக்கும்போது பாட்டா யாரையும் கேட்காமல் ஹேண்டிலைப் போட்டுவிட்டார்! புகை, சத்தம், பெண்ணின் அத்தை காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பெண்ணின் தம்பி மட்டும், பாலிடெக்னிக் படிக்கிறவனாம், போய் பெல்ட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டான். அவர்கள் ஆட்டோவில் ஏறிய பிறகும் அவனைக் கூப்பிட்டு எடுக்கவேண்டி வந்தது. பதில் இன்னும் வரவில்லை. அந்தப் பையன் தினமும் தம்பிக்கு போன் செய்கிறான், அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் புல்லி விட்டம்தான்.

அடுத்தது ஆர்.டி.ஓ. ஆபீஸ். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெயிலருக்கும் தனியாகப் பதிவு வேண்டும், இழுக்கிற வண்டியின் நம்பரும் டிரெயிலரின் முதுகில் தெரியவேண்டும். இழுக்கப்போவது மாமாவின் ஜீப். அவர் நம்பரை எழுத மாமா சம்மதித்துவிட்டார், மாமி சம்மதிக்கவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் போலீஸ் எங்கள் வீட்டுக்குத்தானே வரும் என்கிறாள். அவளைச் சரிக்கட்ட ஒரு தார் மட்டிப் பழம் போயிருக்கிறது. போதவில்லை என்றால் நெய்மீன் போகும்.

நீ மே மாதம் வருவதாகச் சொன்னாய். வரும்போது நல்ல டாக்கோமீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு வா, கையில் பிடித்து வெளிச்சம் அடித்தால் சுற்றைக் காட்டுமே, அது. இவன் இப்போது ஆல்டர்னேட்டர் சுற்றைப் பல்பு மினுங்குவதை வைத்து ஊகிக்கிறான், பாட்டா காதை வைத்து ஊகிக்கிறார், பாட்டா சொல்வதுதான் சரியாக இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம், நிரூபிக்க வழியில்லை. பணத்தை அவனிடம் வாங்கிக்கொள். தராவிட்டால் நான் தருகிறேன், ஆனால் அவனிடம் முதலில் கேள். ஸ்டேஷனுக்கு ஜீப்பில் வருகிறோம், மாமி விட்டால்.

உன் மாமியார் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. உன் நாத்தனார் விவகாரம் என்ன ஆயிற்று என்பதையும் ஒளிக்காமல் எழுது. நான் இவ்வளவு எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் சிநேகிதி